குறிப்பு: அடி

கண்ணாடிக் கடையில் அவளுக்கு ஒத்தக்கோடு என்று பெயர். வைத்தவர் முதலாளி. கண்ணாடி வெட்டுகிறவர்கள் அடிக்கோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு கட்டரால் ஒரு கோடு இழுப்பார்கள். கோடு சரியாக விழவில்லையோ என்ற பயத்தில் அதன் மேலேயே இன்னொரு முறை இழுப்பார்கள். கெடுவது அங்கேதான். கட்டரின் சக்கரமும் போகும், கண்ணாடியும் தன் இஷ்டத்துக்கு உடையும். அவள் பதினோரு வருடத்தில் ஒரு கோட்டின் மேல் இரண்டாம் தரம் கை வைத்ததில்லை. ஒரே இழுப்பு, மேஜை விளிம்பில் ஒரே தட்டு, கண்ணாடி இரண்டாகிவிடும். புதிதாக வருகிற ஆட்களிடம் முதலாளி, "அந்தம்மா கையை மட்டும் பாருங்க, மூஞ்சியப் பார்க்காதீங்க" என்பார். வேலையில் கவனம் வேண்டும் என்பதற்காகச் சொன்னது போலத்தான் இருக்கும். ஆனால் அவள் மூஞ்சியில் அடிக்கடி ஏதாவது இருக்கும்.

அந்தக் கடையில் காயம் ஒன்றும் அதிசயமில்லை. எல்லார் கையிலும் பிளாஸ்திரி இருக்கும். ஓர் ஓரத்தில் ரத்தம் துடைத்த பஞ்சு கிடக்கும். அவளும் யாராவது கேட்டால் "கண்ணாடி" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவாள். கண்ணாடி கிழிக்கும், கீறும், குத்தும். கண்ணுக்குக் கீழே கத்தரிக்காய் நிறத்தில் கன்ற வைக்காது. அது அங்கே வேலை பார்த்த அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. நல்ல மனிதர்கள்தான், என்ன செய்வது, நல்ல மனிதர்கள் பல பேருக்கு அடுத்த வீட்டு விவகாரம் என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அவள் கணவன் ஒரு பெரிய கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். ஆள் வாட்டசாட்டம், வெளியில் பேச்சு தேன். கிடங்கில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அவர் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வான். சர்க்கரை நோய் வந்து ஒன்பது வருடம், இன்சுலின் போட ஆரம்பித்து மூன்று வருடம். ஊசி, மருந்து, விரலில் குத்தி ரத்தத்தில் சர்க்கரை பார்க்கிற சின்ன மெஷின், அதில் செருகுகிற ஸ்டிரிப் எல்லாமே கம்பெனி இன்ஷூரன்ஸில் வந்துவிடும். ஸ்டிரிப் மட்டும் கறாராக ஒரு நாளைக்கு ஒன்று. காலையில் எழுந்ததும் ஒரு சொட்டு ரத்தம், ஓர் எண். மீதி நாள் முழுக்க சர்க்கரை எங்கே போகிறது, எங்கே வருகிறது என்பது அதற்கே வெளிச்சம்.

முதல் அடி விழுந்தது இன்சுலின் ஆரம்பித்த இரண்டாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றைத் தொடவில்லை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "என்னங்க" என்று அவள் தோளைத் தொட்டாள். அவன் திரும்பிப் பார்த்த பார்வையில் அவளைத் தெரிந்த அடையாளமே இல்லை. கழுத்தைப் பிடித்துத் தூக்கி ஃப்ரிட்ஜின் மேல் எறிந்தான். விழுந்தவளின் வயிற்றில் மிதித்தான். அவள் தவழ்ந்து கதவுக்குப் போவதற்குள் முடியைப் பிடித்து இழுத்துத் தலையைச் சுவரில் இடித்தான். பிறகு தானே நிலைகுலைந்து, வெட்டிப் போட்ட மரம் போல விழுந்தான். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை நாற்பத்தொன்று. குளுக்கோஸ் ஏறியதும் கண் விழித்து, அவள் தலைக்கட்டைப் பார்த்து, "யாரு உன்னை இப்படிப் பண்ணாங்க?" என்று கேட்டான். நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை.

டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "சர்க்கரை ரொம்ப இறங்கிட்டா மூளைக்குச் சாப்பாடு கிடைக்காதும்மா. சிலர் அப்ப முரட்டுத்தனமா நடந்துக்குவாங்க. அது அவரு இல்ல, சர்க்கரை."

அன்றைக்கு அது நூற்றுக்கு நூறு உண்மை. டாக்டர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு வாக்கியம் வீட்டுக்கு வந்து குடியேறிவிட்டது. வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி எழுந்து போகவே இல்லை.

நான்கு மாதம் கழித்து அடுத்தது. அவள் கடையிலிருந்து வர நேரமாகிவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கன்னத்தில் அறைந்தான். பொறி பறந்தது. இடது காதுக்குள் ஏதோ கிழிந்த மாதிரி இருந்தது. அந்தக் காது அதற்குப் பிறகு பாதிதான் கேட்டது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவன் நாற்காலியில் உட்கார்ந்து வலது கையின் நடுவிரலை அவள் முன்னால் நீட்டினான். சர்க்கரை பார்க்கச் சொல்கிறான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மெஷினை எடுத்து வந்து குத்திப் பார்த்தாள். நூற்று நாற்பத்து மூன்று.

"இறங்கலையே" என்றாள்.

"அதுக்குள்ள ஏறியிருக்கும்" என்றான் அவன்.

அதுவே வழக்கமாகிவிட்டது. மறுநாள் காலைக்கான ஸ்டிரிப் அதில் செலவாகிவிடும். அடிப்பான், உட்காருவான், விரலை நீட்டுவான். அவள் உதட்டிலோ மூக்கிலோ ரத்தம் வழிய, அவன் விரலைப் பிதுக்கி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பாள். மாடிப் போர்ஷனில் இருந்த நாத்தனார், அதாவது அவன் அக்கா, சத்தம் கேட்டதும் இறங்கி வருவாள். கையில் சர்க்கரைத் தண்ணீர் டம்ளர் இருக்கும். முதலில் தம்பிக்குத் தண்ணீர், பிறகு இவளுக்குத் துடைக்கத் துணி. வரிசை ஒரு நாளும் மாறியதில்லை. நூற்றறுபதில் இருக்கிறவன் அந்த டம்ளரைக் குடித்துவிட்டு முந்நூறுக்குப் போவான். மூன்று மாதச் சராசரியைப் பார்த்து டாக்டர் திட்டுவார். "என் தம்பி ஈ எறும்புக்குக் கூடத் தீங்கு நினைக்காதவன்மா, எல்லாம் இந்தப் பாழாப்போன சர்க்கரை" என்பாள் நாத்தனார். சர்க்கரைக்கு வாய் இருந்தால் அழுதிருக்கும்.

இவள் நம்பினாளா என்றால், நம்பினாள். வேறெதை நம்புவது? அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கண்ணில் தன்னைத் தெரியாமல் போனதை அவள்தானே பார்த்தாள். அடிக்கிறது நோய் என்றால் மருந்து இருக்கிறது, மெஷின் இருக்கிறது, வழி இருக்கிறது. அடிக்கிறது அவன்தான் என்றால் என்ன இருக்கிறது? அதனால் அவள் கணக்கு இப்படிப் போயிற்று. அடித்த பிறகு பார்த்தால் ஏறியிருக்கும், சரி, முன்னாலேயே பார்க்க வேண்டும். இறங்கத் தொடங்கும்போதே பிடித்துவிட்டால் ஒரு வாய் சர்க்கரையோடு போய்விடும். தன் எலும்பு தப்பிக்கும். அதற்கு ஒரு நாளைக்கு ஒரு ஸ்டிரிப் போதாது. நான்கு வேண்டும். நான்கு கிடைத்தால் பிழைத்தேன் என்று இருந்தாள்.

சர்க்கரை கிளினிக்கில் இருந்த நர்ஸ் வழி சொன்னாள். அடிக்கடி இறங்குகிறது என்று காட்டினால் இன்ஷூரன்ஸில் நான்குக்கு அனுமதி உண்டு. அதற்கு ஒரு பதிவேடு எழுத வேண்டும். முப்பது நாள், ஒரு நாளைக்கு நான்கு வேளை, நடுவில் ஏதாவது நடந்தால் அப்போதும் ஒன்று. கிளினிக்கிலிருந்தே ஸ்டிரிப் டப்பாக்கள் கொடுத்தாள். பதிவேட்டில் நான்கு பத்திகள் இருந்தன. தேதி, நேரம், அளவு, குறிப்பு.

"குறிப்புல என்ன எழுதணும்?" என்று இவள் கேட்டாள்.

"என்ன நடந்தாலும் ஒரே வார்த்தைல எழுதுங்க. மயக்கம், வேர்வை, தலைசுத்தல். அடி பட்டா அடின்னு எழுதுங்க. கதையெல்லாம் வேண்டாம், இடம் இல்ல."

யாருக்கு அடி பட்டால் என்று நர்ஸ் சொல்லவில்லை. நோயாளிக்குத்தான் என்பது நர்ஸுக்குச் சொல்லாமலே விளங்குகிற விஷயம். இவளுக்கு அந்த வீட்டில் அடிபடுகிற ஆள் யார் என்பது சொல்லாமலே விளங்குகிற விஷயம். தவிர, அடி என்ற சொல் அவள் கைக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடை ஆர்டர் நோட்டில் நாள் முழுக்க மூன்று அடி, நாலரை அடி என்று எழுதுகிறவள். பேனாவை வைத்தால் தானாக வரும்.

கணவனும் ஒத்துக்கொண்டான். கம்பெனியே நாலு ஸ்டிரிப் கொடுத்துவிட்டால் எல்லாம் சர்க்கரைதான் என்று ஆகிவிடும், பிறகு எவனும் வாயைத் திறக்க முடியாது என்று அக்காவிடம் சொன்னான். குறிப்புப் பத்தியை அவன் பார்க்கவில்லை. எண்ணை மட்டும் கேட்டுக்கொள்வான்.

மூன்றாம் நாள் காலை நூற்றுப் பதினெட்டு. அரை மணி கழித்து, சட்டை இஸ்திரி போடவில்லை என்று இஸ்திரிப்பெட்டியை அவள் மேல் வீசினான். முழங்கையில் தோல் வெந்து எழும்பியது. விரலை நீட்டினான். நூற்று இருபத்தாறு. அவள் எழுதினாள், அடி.

ஏழாம் நாளும் ஒன்பதாம் நாளும் அப்படியே.

பதினோராம் நாள் மாலை வேறு மாதிரி. குளியலறையிலிருந்து சத்தமே இல்லை. கதவைத் தள்ளிப் பார்த்தால், தரையில் சுவரோடு சாய்ந்து, வேர்வையில் குளித்து உட்கார்ந்திருந்தான். அளவு ஐம்பத்தெட்டு. அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "போகாத, இங்கயே இரு" என்று அழுதான். சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்துக் கால் மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான புதிதில் இருந்த ஆள் மாதிரி இருந்தான். அவள் எழுதினாள், வேர்வை, அழுகை. இருபத்து மூன்றாம் நாளும் ஒரு தரம் அறுபத்து இரண்டுக்கு வந்து, சாதுவாக ஒரு டம்ளர் குடித்துவிட்டுத் தூங்கிப்போனான்.

பத்தொன்பதாம் நாள்தான் ரொம்ப மோசம். வேலையிலிருந்து வந்ததும் பார்த்தாள், நூற்று முப்பத்து நான்கு. இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அவளுக்குக் கடையிலிருந்து ஒரு போன் வந்தது. நாளைக்கு வருகிற கண்ணாடிப் பெட்டியைப் பற்றி முதலாளி இரண்டு வார்த்தை பேசினார். அவள் போனை வைப்பதற்குள் அவன் அவளை அறைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே தள்ளி, கதவை உதைத்துச் சாத்தினான். விலாவில் ஏதோ நொறுங்கியது. மூச்சை இழுக்க முடியவில்லை. கதவைத் திறந்து, இன்னொரு முறை உதைத்துச் சாத்தினான். அவள் சரிந்து உட்கார்ந்தபோது முகத்துக்கு நேராக விரல் வந்து நின்றது. நூற்று ஐம்பத்து இரண்டு.

நாத்தனார் டம்ளரோடு வந்து நின்று, "அதுக்குள்ள ஏறியிருக்கும்" என்றாள்.

"இருபது நிமிஷம் முன்னாடியும் பார்த்தேன் அண்ணி. நூத்தி முப்பத்தி நாலு."

"நடுவுல இறங்கியிருக்கும்மா."

இருபது நிமிடத்துக்குள் சர்க்கரை லிஃப்ட் மாதிரி தரைத்தளத்துக்குப் போய், ஒரு பெண்ணின் விலாவை உடைத்துவிட்டு, திரும்ப மேலே வந்து நல்ல பிள்ளையாக நின்றுகொண்டது. அந்தக் கதையை அன்றைக்கு அவளும் விழுங்கினாள். விலா வலிக்கு மாத்திரையை விழுங்குகிற சாக்கில் இதுவும் உள்ளே போய்விட்டது. எழுதினாள், அடி.

கண்ணாடியில் ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடிக்கிறவள் தன் கையால் எழுதிய பதிவேட்டை ஒரு தரம்கூட மேலிருந்து கீழ் வரை படித்துப் பார்க்கவில்லை. அன்றன்றைய வரியை அன்றன்றைக்கு எழுதி மூடிவிடுவாள். படித்துப் பார்க்கப் பயந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

முப்பது நாள் முடிந்ததும் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்குப் போனாள். கவுண்டரில் இருந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கை நின்று நின்று போயிற்று.

"இந்த அடியெல்லாம் எங்கம்மா?" என்று கேட்டாள்.

"தலையில, கையில. ஒரு தடவை விலாவுல."

"அடப்பாவமே. தனியா விடாதீங்க அவரை."

"விடுறது இல்லைங்க. கூடவேதான் இருக்கேன்."

கவுண்டர் அம்மாள் உச்சுக் கொட்டினாள். இத்தனை அடி இருந்தால் டாக்டர் ஆபீஸர் மறுபேச்சு இல்லாமல் அனுமதி கொடுத்துவிடுவார் என்று தைரியம் சொன்னாள். ரசீதில் முத்திரை குத்தினாள். பதிவேட்டைப் பிரதி எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுத்தாள். பகலில் வீட்டில் ஆள் இருக்காது என்பதால் பதில் வர வேண்டிய விலாசமாகக் கடையைக் கொடுத்துவிட்டு இவள் பஸ் ஏறினாள். உட்காரும்போது விலா சுருக்கென்றது. இன்னும் கொஞ்ச நாள்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

கடிதம் ஒரு சனிக்கிழமை காலை வந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு, வெட்டு மேஜையில் வைத்தே பிரித்தாள்.

"பயனாளிக்கு ஒரு நாளைக்கு நான்கு ஸ்டிரிப்புகள் கோரும் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. முப்பது நாள் பதிவேட்டில் ஒன்பது இடங்களில் 'அடி' என்ற குறிப்பு உள்ளது. ஒன்பது முறையும் அடிக்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட அளவுகள் 108க்கும் 174க்கும் இடையில் உள்ளன. சர்க்கரை குறைந்த இரண்டு நாட்களிலும் அடி எதுவும் குறிப்பிடப்படவில்லை. எனவே அடிகளுக்கும் சர்க்கரைக் குறைவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை எனத் தெரிகிறது. அடிகளுக்கு உண்மையான காரணம் என்ன என்பதை உடனே கண்டறியுமாறு குடும்பத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம். ஒரு நாளைக்கு ஒரு ஸ்டிரிப் என்ற அனுமதியே தொடரும்."

முதல் தடவை படித்தபோது நான்கு கிடைக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. இரண்டாம் தடவை படித்தபோது 'எந்தத் தொடர்பும் இல்லை' என்ற இடத்தில் கண் நின்றது. கைப்பையிலிருந்து பதிவேட்டை எடுத்து, முதல் நாளிலிருந்து விரல் வைத்துப் படித்தாள். மூன்று, ஏழு, ஒன்பது, பதினான்கு, பத்தொன்பது, அதற்குப் பிறகு இன்னும் நான்கு. அடி, அடி, அடி. ஐம்பத்தெட்டுக்குப் பக்கத்தில் அழுகை. அறுபத்து இரண்டுக்குப் பக்கத்தில் தூக்கம். எல்லாம் அவள் கையெழுத்துதான். அவளைக் கண்ணால்கூடப் பார்க்காத ஓர் ஆபீஸர், அடிபடுவது யார் என்று தெரியாத ஆபீஸர், ஸ்டிரிப்பை மிச்சம் பிடிக்கிற அவசரத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டார். மூன்று வருடமாகக் கூட இருந்தவர்கள் ஒருவர் வாயிலிருந்தும் அது வரவில்லை.

கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்த கண்ணாடியை எடுத்தாள். இரண்டடிக்கு ஒன்றரை அடி. கோடு இழுத்தாள். கை நிற்கவில்லை. அதே கோட்டின் மேல் இன்னொரு முறை இழுத்தாள். தட்டியதும் கண்ணாடி கோணலாகப் பிளந்து, பாதி தரையில் விழுந்து சிதறியது. கடையே திரும்பிப் பார்த்தது. முதலாளி எழுந்து வந்து, கோட்டையும் அவளையும் மேஜை மேல் இருந்த கடிதத்தையும் பார்த்தார். இந்த முறை மூஞ்சியைப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போறியா, இல்ல வேற எங்கயாவது போறியா? எங்க போறதா இருந்தாலும் நான் வரேன்" என்றார்.

மூன்று வருடம் தாமதமாக வந்த பேச்சு. அவள் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் வீட்டுக்குப் போக வேண்டும் என்றும், தனியாகத்தான் போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, கட்டரைத் துடைத்து வைத்தாள். கண்ணாடி விளிம்பை ஒடிக்கிற பட்டை வாய் பிளையர் அவள் சொந்தச் சாமான், கடையில் வைத்தால் காணாமல் போய்விடும் என்று தினமும் பையில் எடுத்துப் போவாள். அன்றைக்கும் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

கணவனுக்கு அன்று அரை நாள் வேலை. அவள் போனபோது சாப்பாட்டு மேஜையில் இருந்தான். நாத்தனாரும் எதிரில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தாள். இவள் கடிதத்தை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் உதட்டை அசைத்துப் படித்தான். ஆபீஸர் ஏமாந்த இடத்தில் அவன் ஏமாறவில்லை. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

"அடின்னா எழுதின? ஒன்பது தடவை?" என்றான். குரல் மெதுவாகத்தான் இருந்தது. "எவனோ படிக்கிற நோட்டுல என் மானத்தை வாங்கியிருக்க."

தட்டு பறந்து சுவரில் மோதியது. அவள் ஒதுங்குவதற்குள் முஷ்டி கன்ன எலும்பில் இறங்கியது. அவள் அடுப்பு மேடையில் மோதி விழுந்தாள். விழுந்த இடத்திலேயே உதைத்தான். ஆறிக்கொண்டிருந்த அதே விலாவைப் பார்த்து உதைத்தான். எந்த இடத்தில் வலிக்கும் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நாத்தனார் "டேய், டேய், சர்க்கரை இறங்கிடுச்சுடா உனக்கு" என்று கத்திக்கொண்டே சர்க்கரை டப்பாவுக்கு ஓடினாள். அவன் இரைக்க இரைக்க நாற்காலியில் உட்கார்ந்தான். விரலை நீட்டினான்.

அவள் அந்த விரலைப் பார்த்தாள். நகம் சுத்தமாக வெட்டியிருந்தது. இதே முஷ்டிக்குள் அரை நிமிடம் முன்னால் மடங்கியிருந்த விரல்தான்.

மேடையைப் பிடித்து எழுந்தாள். மெஷினை எடுத்தாள். டப்பாவில் இரண்டு ஸ்டிரிப் மிச்சம் இருந்தது. ஒன்றைச் செருகி, விரலைக் குத்தி, சொட்டை வாங்கினாள். ஐந்து நொடி. நூற்று இருபத்தேழு. அவன் முகத்துக்கு நேராகக் காட்டினாள். திரும்பி, டம்ளரில் ஸ்பூனைச் சுற்றிக்கொண்டிருந்த நாத்தனாருக்கும் காட்டினாள்.

"இறங்கல" என்றாள்.

"அதுக்குள்ள ஏறி..." என்று ஆரம்பித்த நாத்தனார் இவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"இது சர்க்கரை இல்லைங்க. நீங்கதான்" என்றாள் கணவனிடம். "அந்த முதல் ஞாயித்துக்கிழமை மட்டும் சர்க்கரை. மத்ததெல்லாம் நீங்க."

அவன் எழுந்தான். முடியைப் பிடிக்கக் கை நீண்டது. அந்தக் கை வருகிற வழி அவளுக்கு மூன்று வருடப் பழக்கம். பையிலிருந்து பிளையரை உருவி, வருகிற கையின் மேல் ஓங்கி ஒரே போடு போட்டாள். கண்ணாடி ஒடிகிற மாதிரியே சின்னதாக ஒரு சத்தம். நீட்டுகிற நடுவிரல் பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. அவன் அலறினான். அந்த வீட்டில் அவன் குரல் வலியில் எழுந்தது அதுதான் முதல் தடவை. கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டான். முகம் வெளுத்துவிட்டது. அவள் இன்னொரு முறை ஓங்கவில்லை. ஓங்கியிருக்கலாம், அவனுடைய தலை நல்ல உயரத்தில்தான் இருந்தது. கைப்பழக்கம் விடவில்லை.

பிளையரை மேஜையில் வைத்துவிட்டு, புதுக் குத்தூசி ஒன்றை எடுத்துத் தன் விரலில் குத்தினாள். கடைசி ஸ்டிரிப்பைச் செருகினாள். இத்தனை வருடத்தில் அந்த மெஷினில் அவள் ரத்தம் ஏறியதில்லை. கீழே ஒருவன் முனகிக்கொண்டிருக்க, ஒருத்தி டம்ளரோடு சிலையாக நிற்க, இவள் நிதானமாக எண்ணைப் பார்த்தாள். தொண்ணூற்று நான்கு.

"எனக்கும் இறங்கல அண்ணி" என்றாள். "நான் அடிச்சது நான்தான்."

பதிவேட்டைப் பிரித்தாள். முப்பது நாளுக்குப் பிறகு இரண்டு வரி காலியாக இருந்தது. தேதி, நேரம், நூற்று இருபத்தேழு என்று எழுதினாள். குறிப்பில் இந்த முறை ஒற்றைச் சொல் எழுதவில்லை. இடம் போதாவிட்டாலும் நெருக்கி, 'அவர் என்னை அடித்தார்' என்று எழுதினாள். அடுத்த வரியில் தொண்ணூற்று நான்கு. 'நான் அவரை அடித்தேன்.' மேலே போய், மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் முன்னால் 'அவர்' என்றும் பின்னால் 'எனக்கு' என்றும் சேர்த்துக்கொண்டே வந்தாள். ஒன்பது இடம். முடிக்கும் வரை யாரும் அசையவில்லை.

பதிவேட்டையும் கடிதத்தையும் மெஷினையும் பையில் வைத்தாள். போலீஸ் ஸ்டேஷன் இரண்டு தெரு தள்ளித்தான். முதலாளிக்குப் போன் போட்டு அங்கே வரச் சொன்னாள். கன்னம் கனத்துத் தொங்கியது, மத்தியானம் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. வாசலுக்குப் போனவள் திரும்பி வந்தாள். நாத்தனார் இன்னும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றிருந்தாள், யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல். அந்த டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கி, உதட்டில் எரிந்தாலும் ஒரே மூச்சில் குடித்து, கழுவிக் கவிழ்த்துவிட்டு, தெருவில் இறங்கினாள்.